சர்க்கரை பூசிய மாத்திரை

"மாத்திரையைக் கடல்ல கொட்டினியா, இல்லே கடையில வித்தியா? உண்மையைச் சொல்லு!"

டாக்டர் வெங்கடராகவனின் குரல் பள்ளிக்கூட அறையைத் தாண்டி வெளியே கேட்டது. சதுரங்கப்பட்டினத்துப் பெண்கள் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

எதிரே செல்லம்மா. மீன் விற்கிறவள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை.

"முழுங்கினேன் ஐயா. ஒரு நாள் வுடாம முழுங்கினேன்."

"முழுங்கினா ரத்தம் ஏறியிருக்கணுமே! நாலு மாசத்துக்கு முன்னே எட்டு. இன்னிக்கு ஏழு. எப்படி இறங்கித்து?"

"எனக்கு இன்னா ஐயா தெரியும்?"

வெளியே வரிசையில் நின்ற முனியம்மா சும்மா இருக்கவில்லை. "வெரல்ல குத்தி ரத்தத்தையும் எடுத்துக்கினு, ரத்தம் கம்மியா கீதுன்னு திட்டு வேற!"

வரிசை முழுக்கச் சிரித்தது.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தாய்மாரின் ரத்தச் சோகையைப் பற்றிய ஆராய்ச்சி இது. செங்கல்பட்டிலிருந்து மாதம் தவறாமல் ஜீப்பில் வந்து போகிறார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் செய்கிற முதல் ஆராய்ச்சி.

"சிஸ்டர், இவ பேரை அடிச்சுடுங்கோ. பால் பவுடரும் இனிமே கிடையாது."

நர்ஸ் கோமளம் தயங்கினாள். "டாக்டர், அந்தக் குழந்தை அந்தப் பாலை நம்பித்தான்..."

"மாத்திரை சாப்பிடறவாளுக்குத்தான் பால்."

செல்லம்மா கையிலிருந்த பால் டப்பாவைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

"அடுத்தது யாரு?"

சைதூன் வந்தாள். தையற்காரர் பஷீருதீனின் மனைவி; செல்லம்மாவுக்கு அடுத்த வீடு. எட்டு மாதக் கர்ப்பம்.

கோமளம் விரலில் குத்தி, சின்னக் குழாயில் ரத்தத்தைக் கலந்து, வெளிச்சத்தில் நிறம் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"பத்து, டாக்டர்."

"இருக்காதே! ஆரம்பத்துல ஆறரைதானே?"

அவரே வாங்கிப் பார்த்தார். பத்துதான்.

இருக்கக் கூடாது. ஏனென்றால் சைதூனுக்குக் கொடுத்தது இரும்பு மாத்திரையே அல்ல. பாதிப் பெண்களுக்கு இரும்பு மாத்திரை, பாதிப் பெண்களுக்கு வெறும் சுண்ணாம்புக் கட்டி. இரண்டின் மேலும் ஒரே சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. எந்த டப்பாவில் எது என்று டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டுமே தெரியும். மருந்தின் பலனை ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

கோமளம் முன்பே ஒரு முறை கேட்டாள். "சைதூனை மட்டும் நல்ல மாத்திரைக்கு மாத்திடலாமா, டாக்டர்? முன்னே ரெண்டு குழந்தை தக்கலை. இதுவாவது..."

"ஒருத்தியை மாத்தினா மொத்த ஆராய்ச்சியும் போச்சு" என்று சொல்லிவிட்டார். சொன்னது சரிதானா என்று பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. ஒவ்வொரு முறையும் சரி என்றே பதில் வந்தது.

சைதூன் மேஜையைப் பார்த்தாள். "இது செல்லம்மாக்கா பால் டப்பாவாச்சே. இங்க ஏன் கீது?"

"மாத்திரையைச் சாப்பிடாம ஏமாத்திட்டாளாம். பேரை அடிச்சாச்சு" என்றாள் கோமளம்.

"அக்காவா ஏமாத்துச்சு?"

"சைதூனு, நீ வூட்டுக்குப் போ" என்றாள் செல்லம்மா அவசரமாக.

"போவ மாட்டேன். நீ சும்மா இரு அக்கா. ஐயா, வவுத்துல புள்ள தங்கினதுலேர்ந்து நான் செவுத்துச் சுண்ணாம்பைச் சொரண்டித் தின்னுகினு இருந்தேன்."

டாக்டர் தலையசைத்தார். ரத்தம் குறைந்தவர்களுக்கு வருகிற ஆசை அது. அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

"மாத்திரையையும் மொத வாரமே கடிச்சுப் பாத்தேன். மேல இனிப்பு. உள்ள அதே சுண்ணாம்பு. தின்னவளுக்குத் தெரியாதா? அக்காகிட்ட போய் அழுதேன். அது தன்னுதைக் கடிச்சுப் பாத்துச்சு. துருப்புடிச்ச ஆணிய நக்கினாப்பல கீது, இதான் அசல்னு சொல்லிச்சு. அன்னிலேர்ந்து அதோடத நான் தின்றேன். என்னுத அது தின்னுது."

"சுண்ணாம்புன்னு தெரிஞ்சுமா?" என்றாள் கோமளம்.

"முழுங்கினியான்னு நீங்க கேட்டா பொய் சொல்லக் கூடாதாம். அதுக்காவ தெனமும் ஒண்ணு முழுங்குது."

செல்லம்மாவின் வெளிறிய முகத்தை டாக்டர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பிறகு பால் டப்பாவை எடுத்துக்கொண்டு, தானே எழுந்து போய் அவளிடம் நீட்டினார்.

"நாலு மாசமாத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?"

செல்லம்மா டப்பாவை வாங்கவில்லை. தப்புச் செய்தவளைப் போலக் குனிந்துகொண்டாள்.

"எப்பிடி ஐயா சொல்றது? மாத்திரை பண்றவன் எவனோ சுண்ணாம்பைக் கலந்து உங்களை ஏமாத்திகீறான். எங்களுக்காவ இம்மாந்தூரம் ஓடி வர்றீங்க. தெரிஞ்சா மனசு ஒடஞ்சு பூடுவீங்கன்னுதான்..."