ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு

யாரும் அந்தப் பூட்ஸைக் கவனித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கொஹரு ரிமோட்டை எடுத்தாள்.

இறந்த முன்னோரை வரவேற்கும் ஒபோன் பண்டிகைக்கு வந்த உறவுக்கூட்டம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கல்லறைக்குப் போய்வந்த களைப்பு எல்லார் முகத்திலும். தட்டுகளில் தர்பூசணி, அவித்த பச்சை சோயா. மாடத்தில், இறந்துபோனவர்கள் ஏறி வருவதற்கென்று வைத்த வெள்ளரிக்காய்க் குதிரை, குச்சிக் கால்களில் நின்றது.

"பத்தொம்பது வயசாச்சு, இன்னும் பொம்மைப் படம்," என்றார் கென்ஸோ பெரியப்பா. அவருடைய புது வீடுதான் அது. "சரி, போடு. எனக்கும் தூக்கம் வரணுமில்ல."

வரும் வசந்தத்தில் அவள் டோக்கியோவில் ஓர் அனிமே நிறுவனத்தில் சேர வேண்டும். பின்னணி ஓவியம் வரைகிற வேலை. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"ஒபோனுக்கு எல்லாரும் இருப்பாங்க. நீயே சொல்லு. அவங்க ஒத்துக்கிட்டா போ."

வாயால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் காட்டிவிட முடிவு செய்தாள். அவள் பிறந்த வருஷத்தில் வந்த ஒரு பழைய அனிமே தொடர். எந்தக் காட்சி என்று தேர்ந்தெடுத்து, காலையிலேயே கேபிளை மாட்டிப் பார்த்து, ஒலியையும் சரி செய்து வைத்திருந்தாள்.

அந்தக் காட்சியில் மழை விட்ட சாயங்காலம். ஒரு பெண் சைக்கிளில் ஒரு சந்து வழியாகத் துறைமுகத்துக்கு இறங்குகிறாள். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் ஈரத் தகரக் கூரையில் விழுந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்த அன்றுதான் கொஹருவுக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

அதில் ஒரே ஒரு குறை.

ஒரு வீட்டு வாசலில் இரண்டு கழிகள் மேல் ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைத்திருப்பார்கள். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. வரைந்தவரின் கவனப்பிசகு. இதைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தால் எல்லாம் முடிந்தது. வேறு காட்சி போடலாமா என்று நேற்றுவரை குழம்பினாள். இவ்வளவு நல்ல வெளிச்சம் வேறு எதிலும் இல்லை.

சைக்கிள் சந்துக்குள் திரும்பியது.

"நிறுத்து."

தொமிகோ அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவள். பேரிக்காய் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலிட்டபடியே நகர்ந்து டிவிக்கு முன்னால் வந்தாள்.

கொஹரு படத்தை நிறுத்தினாள். "அத்தை, அந்தப் பூட்ஸ், வரைஞ்சவங்க தப்பு அது. மத்ததெல்லாம்..."

"தப்பா? ஒத்தப் பூட்ஸைக் கடல்ல விட்டுட்டு வந்த மனுஷன். புது ஜோடி வாங்குவோம்னு சொன்னா, கால் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவா போகுதுன்னு கேட்டாரு."

பெரியப்பா பீர் கோப்பையைக் கீழே வைத்தார். "அக்கா. அது அத்தான் பூட்ஸ்." அத்தையின் கணவர் கிஹெய் மாமாவைச் சொன்னார்.

எல்லாரும் டிவியை நெருங்கிவிட்டார்கள். விளிம்பு உடைந்த நீல வாளியை யாரோ காட்டினார்கள். சாய்ந்த மரத்தை வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்ததைப் பார்த்து, அந்த முடிச்சைப் போட்டது நான்தான் என்றார் அப்பா.

கொஹரு பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் ஒரே நிறம் பூசியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர், கண்டதைக் கண்டபடி வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் இத்தனை வருஷமாக அதைத் தப்பு என்று நினைத்திருக்கிறாள்.

"தெருவைப் படம் புடிக்கக் கேமராவோட ரெண்டு பசங்க வந்தாங்க ஒரு நாள்," என்றாள் அத்தை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வீட்டு வரிக்காரங்கன்னு நெனச்சு இவரு உள்ள ஓடி ஒளிஞ்சுக்கிட்டாரு. நான்தான் பார்லி டீ குடுத்து அனுப்பினேன்."

"அப்போ," என்றார் பெரியப்பா. "இந்தப் படத்துல அத்தான் உள்ளதான் இருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை.

"சமையல்கட்டுல. அரிசிப் பெட்டிக்குப் பின்னால," என்றாள் அத்தை. "கொஞ்சம் வலப்பக்கம் திருப்பும்மா. ஜன்னல் அங்கதான்."

திருப்ப முடியாது. படம் அந்த வாசலோடு முடிகிறது. கொஹரு ரிமோட்டில் இருந்த விரலை மெல்ல விலக்கிக்கொண்டாள். அழுத்தினால் சைக்கிள் நகரும். சந்து போய்விடும்.

அத்தைக்கும் புரிந்திருக்க வேண்டும். சீவிய பேரிக்காயில் ஒரு துண்டை எடுத்து டிவிக்கு முன்னால் வைத்தாள்.

"என்னமோ வேலைக்குப் போறியாமே. இதைத்தான் வரையப் போறியா?"

"ஆமா, அத்தை."

"அப்போ வலப்பக்கம் மிச்சமிருக்கு. காலையில பென்சிலோட வந்து உக்காரு. எது எங்க இருந்துச்சுன்னு நான் சொல்றேன்."

அப்பா சரி என்று தலையை அசைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே, குன்றுக்குக் கீழே, அந்தச் சந்து இருந்த இடத்தில் காற்றுக்குப் புல் அசைந்துகொண்டிருந்தது. கடல் ஊருக்குள் வந்து திரும்பிய அன்றிலிருந்து அங்கே புல்தான். அந்த வீட்டின் புகைப்படம் ஒன்றுகூட யாரிடமும் மிஞ்சவில்லை. கிஹெய் மாமாவும் இன்னும் கிடைக்கவில்லை.