தகர டப்பா

"ஒரே வருசத்துல இது அஞ்சாவது தடவை, டாக்டரம்மா. நீங்க நோவைத் தீக்குதீங்களா, இல்ல திரும்ப வரவழைக்குதீங்களா?"

தவசி இப்படிக் கேட்டதும் டாக்டர் அமுதவள்ளி சிரித்துவிட்டார். கோவில்பட்டியில் அவரிடம் இவ்வளவு நேராகக் கேட்கிற ஆள் கிடையாது. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு தவசி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி வெயிலம்மாள். நீர்க்கடுப்பு. ஒன்றுக்குப் போனால் மிளகாய்ப்பொடி தூவினதுபோல எரிகிறது. பதினைந்து நாளில் மணியாச்சியில் ரயிலேறி, மகளின் ரெண்டாவது பேறுகாலத்துக்குச் சென்னை போயாக வேண்டும். இந்த எரிச்சலோடு எங்கே போக?

"சர்க்கரை இல்ல. கல் இல்ல. நல்ல உடம்புதாம்மா. போன தடவை கொடுத்த மாத்திரையை முழுசாச் சாப்பிட்டீங்களா?"

வெயிலம்மாள் புருசனைப் பார்த்தாள். தவசி சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் போட்டார். ஆறு மாத்திரை அப்படியே இருந்தது.

"ரெண்டு நாள்ல எரிச்சல் நின்னுபோச்சு. நின்ன பிறகு எதுக்கு மருந்து? அடுத்த தடவைக்கு ஆகும்லா."

"அதான் அடுத்த தடவை வருது அண்ணாச்சி." டாக்டர் வெயிலம்மாள் பக்கம் திரும்பினார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"சோத்தோட ஒரு டம்ளர். வெளிய கிளம்புனா அதுவும் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ்ல பழகுனது."

"அந்தப் பழங்கதை எதுக்கு இங்கன?" தவசி எழுந்தார். "சீட்டை எழுதிக் கொடுங்க, பஸ் போயிரும்."

"உக்காருங்க. நீங்க சொல்லுங்கம்மா."

வெயிலம்மாளின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"அப்ப எனக்குப் பதினேழு வயசு. விடியுமுன்ன இடைசெவல் விலக்குல ஆபீஸ் பஸ் வந்து நிக்கும். குச்சி அடுக்க உக்காந்தா பாட்டும் கேலியுமாப் பொழுது போறதே தெரியாது. இப்பவும் ஒரு தீக்குச்சி உரசுனா அந்த நாள்தான் வாசனை அடிக்குது. ஒண்ணுக்குப் போறதுதான் பாடு. தண்ணி கொண்டுபோற தகர டப்பாவ மேஸ்திரி தன் மேசையடியில வச்சிருப்பாவ. கேட்டா, 'இப்பத்தான போன, ஓட்டைப் பானையாட்டி நீ?'ன்னு சத்தமாக் கேப்பாவ. நாப்பது பேரும் சிரிப்பாளுக. நான் கேட்டதே இல்ல. தண்ணி குடிச்சாத்தான கேக்கணும்?"

தவசி மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒரு நாள் எல்லாரையும் வச்சிக்கிட்டு, 'டப்பா கேக்காத பிள்ள இது ஒண்ணுதான்'னாவ. அந்த ஒரு சொல்லுக்காகவே எட்டு வருசம் நாக்கு வறண்டு கெடந்தேன். அதுவே பழகிப்போச்சு."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். தவசி மஞ்சப்பைக்குள் கையை விட்டு எதையோ துழாவினார்.

டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். "இனிமே அடக்கவே கூடாது. தண்ணி நல்லாக் குடிங்க, தோணுனதும் போயிருங்க. மாத்திரையில ஒண்ணுகூட மிச்சம் வைக்காதீங்க. இந்த வயசுல அங்கன வறட்சி வரும், அதுக்கு ஒரு களிம்பும் எழுதுதேன். தைரியமா ரயிலேறலாம்." பேனாவை மூடினார். கோபம் மட்டும் அடங்கவில்லை. "அந்த மேஸ்திரி என் கையில கெடைக்கணும். உயிரோட இருக்காரா அந்த ஆளு?"

"இருக்காவ டாக்டரம்மா." வெயிலம்மாள் பக்கத்தில் திரும்பினாள். "இந்தா, தண்ணி பாட்டில் மூடியத் திறந்து என் முன்னால நீட்டிக்கிட்டு நிக்காவளே, இவியதான்."