பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மடி

ஊசி தயாராக இருந்தது. மடியும் தயாராக இருந்தது.

அவள்தான் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவன் முத்துராஜ், அவளுடைய சித்தப்பா மகன். தாய்மாமன் வேஷம் அவனுக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கூப்பிட்டார்கள், வந்தான்.

குழந்தையின் சொந்த மாமன் அந்நேரம் வங்கக் கடலுக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருந்தான்.

பரிதி. அவளுடைய அண்ணன். வேறு சாதியில் கட்டிக்கொண்டு ஆக்லாந்துக்குப் போய் ஆறு வருடம். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆனால் போன வாரம், காபியை ஆற்றிக்கொண்டே அப்பா கேட்டார்.

“அங்கருந்து மதுரைக்கு வர எவ்வளவு நேரமாகும்?”

கிழவர் மனம் இளகிவிட்டது என்றே அவள் நினைத்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர், அங்கே காத்திருந்து இன்னொரு விமானம். எல்லாம் சேர்த்துப் பதினெட்டு மணி நேரம். மதிய முகூர்த்தத்துக்குள் கோயிலுக்கே வந்துவிடுவான்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். காபி நன்றாக இருப்பதாகக்கூடச் சொன்னார்.

நேற்று சாயங்காலம், அண்ணன் விமானம் ஏறிய பிறகு, முகூர்த்தம் காலைக்கு மாறியது. ஒன்பது மணிக்குள் காது குத்தியாக வேண்டும். பூசாரி சொன்னாராம்.

பூசாரி இப்போது அவள் பக்கம் திரும்பாமல், நன்றாக எரிந்துகொண்டிருந்த திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அப்பா மேல் வந்த கோபத்தைவிடத் தன் வாய் மேல் வந்த கோபம் அதிகம். அளந்து கொடுத்தது அந்த வாய்தான்.

“நேரம் போகுது. பிள்ளைய அவன் மடியில வை,” என்றார் அப்பா.

கணவன் தரையைப் பார்த்தான். அது அவனுக்குக் கைவந்த கலை.

குலசாமி பார்க்க, சொந்தபந்தம் பார்க்க, அவள் சொன்னாள்.

“காது எங்கயும் ஓடிப் போயிடாதுப்பா.”



அவள் மணைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தன் மடியில் வைத்தாள். இரண்டு கைகளாலும் அதன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

குழந்தை, ஏதோ விளையாட்டு என்று சிரித்தது.

யாரோ அதட்டினார்கள். யாரோ சமாதானம் சொன்னார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

கோயில் கடிகாரம் ஒன்பது அடித்தது.

காது குத்த வந்திருந்த ஆசாரி அப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, இட்லி இருக்கிறதா என்று கேட்டார்.

முத்துராஜ் எழுந்தான். மாலையைக் கழற்றினான். அதைக் காலியான மணையின் மேல் வைத்துவிட்டு ஆசாரியின் பின்னால் போனான்.

வெகுநேரம் கழித்து அப்பா பக்கத்தில் வந்து குனிந்தார். குரல் அவருடையது போலவே இல்லை.

“இன்னும் எவ்வளவு நேரமாகும்?”

நிமிடக் கணக்காக அவளுக்குத் தெரியும்.

இந்த முறை அவள் சொல்லவில்லை.