முதல் மிடறு

“பெரிய நோன்பு நடக்குது, அபூனா. பால் குடிச்சவன் சுட்ட அப்பத்தையா பலிபீடத்துல வைக்கப் போறீங்க?”

பானூஸின் குரல் கோவில் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. எருசலேம் சென்று வந்தவர் என்பதால் எகிப்தின் மல்லவி ஊரே அவரை ‘முகத்தஸ்’ என்று மரியாதையாக அழைக்கும். நோன்பு தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை இறைச்சி, முட்டை, பால் எதுவும் அவர் வீட்டுப் படியை மிதிக்காது.

‘அபூனா’ என்று எல்லோரும் அழைக்கும் பாதிரியார் பிசந்தி அடுப்பறைப் பக்கம் திரும்பினார். மாவு படிந்த கைகளோடு அங்கே நின்றிருந்தான் பிஷாய். வெறும் வயிற்றோடு, சங்கீதம் ஓதியபடியே மாவு பிசைந்து, சிலுவை முத்திரை பதித்துக் கோவிலுக்கு நற்கருணை அப்பம் சுடுகிறவன்.

“குடிச்சியாப்பா?”

“குடிச்சேன், அபூனா.”

“எதுக்கு?”

பிஷாய் தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்கே குடிச்சான்னு கேளுங்க!” என்றார் பானூஸ். “ஹபஷி பெரியவர் வீட்டுல. கதவு திறந்து கிடந்தது, என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பாவம், புத்தி தடுமாறிக் கிடக்கற மனுஷன். அவருக்குக் காய்ச்சின பாலை வாங்கி இவன் குடிக்கறான்!”

“பிஷாய் அப்படிப்பட்டவன் இல்லையே, முகத்தஸ்.”

“ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்யறவன்தான், இல்லேங்கல. சவப்பெட்டி தூக்கறதுன்னா முதல் தோள் இவனோடதுதான். ஆனா விசுவாசம் இல்லாம எத்தனை நல்லது செஞ்சு என்ன? உப்பில்லாத மொச்சை! இந்த நோன்பு பூரா இவன் நற்கருணை வாங்க வரவே இல்லை, கவனிச்சீங்களா? தான் சுட்ட அப்பத்தையே தான் தொடாதவன் இவன், அபூனா!”

அதுவரை கல்லாக நின்ற பிஷாயின் கண்கள் கலங்கின. “அடுப்பை மட்டும் என்கிட்டேயிருந்து பிடுங்கிடாதீங்க, அபூனா. எனக்குன்னு வேற எதுவும் இல்லை.”

பாதிரியார் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“முகத்தஸ் சொல்றதை நான் தள்ள முடியாது. முடிவு பண்றவரைக்கும் நீ அடுப்பையும் தொடவேண்டாம், ஹபஷி வீட்டுக்கும் போகவேண்டாம். முகத்தஸ், பெரியவருக்குப் பாலை நீங்களே கொடுத்துட்டு வந்துடுங்க. அவரு வயிறாவது நிறையட்டும்.”

“அதுக்கென்ன, தாராளமா!”

பிஷாய் தயங்கித் தயங்கிச் சொன்னான். “பக்கத்து வீட்டு உம்மு ஜாபிர் கூட இருப்பாங்க, முகத்தஸ். சந்தேகம்னா அவங்களைக் கேட்டுக்குங்க.”

“கிழவருக்குப் பால் கொடுக்கறதுல எனக்கென்னடா சந்தேகம்?”

மறுநாள் நண்பகலில் பானூஸ் போனபோது, பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி உம்மு ஜாபிர் பாலைக் காய்ச்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாகச் சாய்ந்திருந்த ஹபஷியின் வாயருகே பானூஸ் கிண்ணத்தைக் கொண்டுபோனார். கிழவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“முதல்ல நீ குடி.”

“நானா? நான் நோன்பு, பெரியவரே.”

“விஷம் வெச்சவன் வேற என்ன சொல்லுவான்? பார்வோனே ருசி பார்க்க ஆள் வெச்சிருந்தான். நான் மட்டும் ஏமாளியா?”

பானூஸ் உம்மு ஜாபிரைப் பார்த்தார். “உங்களுக்கு இது நோன்பு இல்லையே, தாயி. ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்களேன்.”

“குடிக்காம இருந்தேனா? என் மேலேயே துப்பினாரு. எங்கிட்ட அது இல்லையாம்!”

“எது?”

கிழவர் பானூஸின் வலக்கையைப் பற்றி இழுத்தார். சட்டைக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த சிலுவையை விரலால் தடவினார்.

“இது. இது இருக்கறவன் பொய் சொல்லமாட்டான். ம்... குடி.”

பானூஸ் கையை இழுத்துக்கொண்டார்.

“பிஷாய் கையிலயும் இதேதான்” என்றாள் உம்மு ஜாபிர் தணிந்த குரலில். “இவரால எதையும் மெல்ல முடியல. பாலாவது உள்ளே போனாத்தான் பிழைப்பாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முதல் தடவை கிண்ணத்தை வாயில வெச்சப்ப அந்தப் புள்ளை அழுதுட்டான். ‘நோன்பை முறிச்சவனுக்கு ஈஸ்டர் வரைக்கும் நற்கருணை இல்லை, உம்மு ஜாபிர்’னான். எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ஆனா எதையோ பறிகொடுத்தவன் மாதிரிதான் நின்னான்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எப்படிச் சொல்லுவான்? இவரு சில நேரம் தெளிஞ்சுடறாரு. தன்னால ஒருத்தனோட நோன்பு முறிஞ்சுதுன்னு அப்போ காதுல விழுந்தா, மனுஷன் அதுக்கப்புறம் வாயைத் திறப்பாரா?”

“பாரு பாரு, குடிக்கத் தயங்கறான்!” கிழவர் கூவினார். “விஷமேதான்!”

பானூஸ் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினார்.

அவர் எப்போது சாய்வார் என்று கிழவர் கண்கொட்டாமல் காத்திருந்தார்.

“இன்னும் விழலையா நீ?”

“விழலை, பெரியவரே.”

“அப்ப இங்கே கொண்டா.” கிண்ணம் காலியாகும்வரை அவர் வாயை எடுக்கவில்லை.

பானூஸ் நேரே கோவிலுக்கு நடந்தார். பாதிரியார் முற்றத்திலேயே எதிர்ப்பட்டார்.

“என்ன முகத்தஸ், அடுப்புக்கு வேற ஆள் பார்த்துடலாமா?”

பானூஸ் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பத்தை அவனே சுடட்டும், அபூனா. பாலை இனிமே நான் குடிச்சுக்கறேன்.”