பதியாத மாலை

என் கணவர் சேவியரின் நினைவுகளெல்லாம் காதுக்குப் பின்னால் வைத்த சிப்பில்தான் ஓடுகின்றன. அன்றன்று புதிதாக நடந்தது அதில் நிலையாகப் பதிய வேண்டுமென்றால், மாலையில் அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அதற்குள் சார்ஜ் தீர்ந்தால் அந்த நாள் போனதுதான்.

நேற்று மாலை, வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன எங்கள் மகள் ஜெபசீலி வாசலில் வந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்கப்பா."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார்.

"நேரமாச்சு, கண்ண மூடி உக்காருங்கப்பா" என்றாள் அவள்.

"இருக்கட்டும் மக்களே. ஒம் மொகத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டே இருந்தார். சார்ஜ் தீர்ந்தது.

காலையில் எழுந்து வந்தவர், கூடத்தில் அவளைக் கண்டதும் நின்றார்.

"இவள யாரு உள்ள விட்டது?"

நேற்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பொய் சொல்லாத ரெஜினா. நானாவது, இவள மன்னிக்கதாவது!"

ஜெபசீலி நேற்றைய அதே குரலில் மறுபடியும் சொன்னாள்.

"மன்னிச்சிருங்கப்பா."

அவர் மாலைவரை காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகக் கண்களை மூடிக்கொண்டார்.

மன்னிக்காத இந்தக் காலை பதியத் தொடங்கியது.