வாசலுக்கு வரும் பை

"இன்னிக்கும் நம்ம வாசல்ல எவனோ குப்பைப் பையைப் போட்டுட்டுப் போயிருக்கான். இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா?" என்று கத்தினார் கொத்தனார்.

"நம்ம நாய் குரைக்கவே இல்லையேங்க," என்றாள் மனைவி.

"அது எதுக்கு லாயக்கு? தண்டச்சோறு."

மறுநாள் விடியற்காலையில் இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள்.

பையை இழுத்துக்கொண்டு வந்தது அவர்கள் நாயேதான். வாசலில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. கிழிந்த பைக்குள்ளிருந்து கொத்தனாரின் பழைய பனியன் எட்டிப்பார்த்தது.

"இது... நேத்து நான் வாய்க்கால்ல வீசின பையாச்சே."

"நீங்க எதை வீசினாலும் எடுத்துட்டு வரணும்னு பந்தை வச்சுப் பழக்குனது நீங்கதானே?" நாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள் மனைவி. "ஊர்ல ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கான்னு கேட்டீங்களே. இந்தா, இவனுக்கு இருக்கு."