பத்து நிமிடக் குடும்பம்

"என் ஒய்ஃப்கிட்ட இன்னைக்கு நீங்க இன்னும் சிரிச்சுப் பேசலையே, மணி நாலாகுது" என்றார் எம்.டி.

"இதோ பேசிடறேன் சார். லாரி அனுப்புற வேலையில கொஞ்சம் தள்ளிப்போச்சு."

"குடும்பம்தான்யா முதல்ல. அதுக்காக லாரி லேட்டாகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தன் கைப்பேசியைத் தலையணையின் மேசைமேல் வைத்தார்.

தலையணை என்பது அலுவலகம் வைத்த பெயர். எம்.டி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடியில் அவருடைய உதவியாளர் இருந்தாக வேண்டும். மெத்தை செய்கிற கம்பெனி வேறு, பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு பெரிய ஓட்டலுக்கு நாலாயிரம் மெத்தை, ஒரே மாதம் கெடு. ஊரைத் தூங்க வைக்கும் கம்பெனியில் ஒருவர் கண்ணிலும் தூக்கமில்லை. நடுவில் எம்.டி.க்கு ரத்த அழுத்தம் எகிறியது. "தினமும் பத்து நிமிஷம், சின்னச் சின்ன விஷயமா, வீட்டுக்காரம்மாவோட சிரிச்சுப் பேசுங்க. மெசேஜ்லயாவது பேசுங்க" என்று டாக்டர் மாத்திரையோடு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எம்.டி. விழுங்கிக்கொண்டார். மற்றது தலையணையிடம் வந்து சேர்ந்தது.

முதல் நாள் தலையணை கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் மனைவியிடம் என்னத்தைப் பேசுவது? தனக்கு நடந்ததையே எம்.டி.க்கு நடந்ததாக அடித்துவிட்டார். "மீட்டிங்ல உக்காந்தபடியே தூங்கிட்டேன். என்னன்னு கேட்டாங்க. மெத்தையைப் பத்தி ஆழமா யோசிச்சேன்னு சொல்லிட்டேன்."

பதில் வந்தது. "நான் நின்னுக்கிட்டே தூங்கினேன். தலை ஆடினதைப் பார்த்துட்டு, எதிர்ல இருந்தவங்க நான் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டேன்னு சந்தோஷமா போயிட்டாங்க."

தலையணை வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து நாலு மணி எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. அந்தப் பத்து நிமிடம் இருந்தால் மிச்சமுள்ள பதிமூன்று மணி நேரத்தைத் தள்ளிவிடலாம்.

ஒரு முள்ளும் உறுத்தியது. சொந்த மனைவியோடு அவர் பேசுவதெல்லாம் தன்னுடைய இன்னொரு கைப்பேசியில் நடந்தது. "கேஸ் தீர்ந்துபோச்சு." "சரி." "சாவி பக்கத்து வீட்டுல." "சரி." இரண்டு மாதம் முன்பு அவள் வேறு வேலைக்கு மாறியிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பார். ஆர்டர் முடியட்டும் என்று தினமும் தள்ளிப்போடுவார். அவளும் வீடு திரும்பியதும் வெட்டிப்போட்ட மரம்போல விழுந்துவிடுவாள்.

"இன்னையோட இது போதும்யா" என்றார் மேசையருகே நின்றிருந்த எம்.டி. "பிரஷர் நார்மல். டாக்டரே அசந்துட்டார்."

"நாளைக்கும் ஒரு பத்து நிமிஷம் பார்த்துடலாமே சார். சட்டுனு நிறுத்தினா..."

"எதுக்கு? ஒரு மாசமா வீட்டுல இருந்து எனக்கு ஒரு போன் தொல்லை கிடையாது. குடும்ப சந்தோஷம்னா என்னன்னு இப்பத்தான் புரியுது. அடுத்த வாரம் முதலாளிகள் சங்கத்துல இதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நாலு பக்கம் எழுதிடுங்க. நடுவுல ரெண்டு இடத்துல என் குரல் தழுதழுக்கணும்."

தலையணை கடைசி முறையாகக் கைப்பேசியை எடுத்தார். "வேலை நெருக்கடி இன்னையோட முடியுது. அப்புறம் என்ன பண்ணலாம்?"

பதில் வந்தது. "ஒண்ணும் பண்ண வேண்டாம். ஜன்னல் பக்கம் ரெண்டு நாற்காலி போட்டு உக்காந்து, யார் முதல்ல தூங்குறாங்கன்னு பார்க்கலாம்."

"நான்தான் ஜெயிப்பேன்."

"பார்க்கலாம்."

எம்.டி. கையை நீட்டினார். கைப்பேசி அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று. அதே நிமிடம் தலையணையின் சொந்தக் கைப்பேசி முனகியது. "வரும்போது சோப்பு."

"சரி" என்று அடித்தார். கூட ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று யோசித்தார். வரவில்லை.

லாரி கிளம்பியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார். ஊரார் மனைவியிடம் வந்த பேச்சு, தாலி கட்டியவளிடம் வராமலா போகும்? இன்றைக்குப் பேசாவிட்டால் இனி என்றைக்கும் பேசப் போவதில்லை என்று தோன்றியது.

வீட்டில் மனைவி, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"என்னங்க, வெளிச்சத்தோட வந்துட்டீங்க?"

"ஆர்டர் முடிஞ்சுபோச்சு." தொண்டையைச் செருமினார். "உன் புது வேலை... எப்படி இருக்கு?"

விலாசம் கேட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். "உடம்பு ஏதும் சரியில்லையா?"

"சும்மாதான் கேட்டேன்."

"இருக்கு. அதுல இருந்த ஒரே நல்லதும் இன்னையோட முடிஞ்சுபோச்சு."

"என்னது?"

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க எங்க முழிச்சிருக்கீங்க? எங்க மேடம் வேற யாருமில்ல, உங்க எம்.டி.யோட சம்சாரம்தான். அவங்களுக்கு நேரமில்லைன்னு, அவர் தினமும் நாலு மணிக்கு அனுப்புற மெசேஜுக்கெல்லாம் ஒரு மாசமா நான்தான் மேடம் போன்ல பதில் போட்டுக்கிட்டிருந்தேன். இனிமே மெசேஜ் வராதாம்."

தலையணை வாங்கி வந்த சோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்த மனுஷரை நீங்க வாய்க்கு வந்தபடி பேசுவீங்க. எவ்வளவு இதமா பேசுறார் தெரியுமா" என்று அவள் பெருமூச்சு விட்டாள். "நாள் பூரா கூடவே இருக்கீங்களே, அவர்கிட்ட இருந்து நாலு வார்த்தை கத்துக்கக் கூடாதா?"